நான் வென்றதாகச் சொல்லப்படும் வழக்கு

போன மாதம் எங்கள் பழைய தொழிற்சங்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தர்களுக்கு அலுவிகாரையில் ஒரு மண்டபம் எடுத்துப் பயிற்சி வைக்கிறார்களாம். தலைப்பு ‘விமர்சனச் சிந்தனையும் வாதத் திறனும்’. சிந்திப்பதற்கு ஒரு மண்டபம், தலைக்கு மேல் மின்விசிறி, மத்தியானம் புரியாணி. நல்லா இருங்கடா என்று நினைத்துக்கொண்டேன்.

“ஐயா, நீங்க வந்து அந்த ‘போறேன்’ கேஸைச் சொல்லணும். எப்படி வாதாடி ஜெயிச்சீங்கன்னு எங்க ஆளுங்க கேக்கணும்” என்றான் ஒருவன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அதை நான் ஜெயிக்கலப்பா” என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர் அடக்கமாகப் பேசுகிறாராம்! தீர்ப்பு வந்த வாரமே சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன், இது என் வெற்றி இல்லை என்று. அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. என்னிடம் இருப்பது பொறாமை. சிவநேசன் என்ற ஒருவன்மேல் வாலிபத்தில் பிடித்த பொறாமை, பென்ஷன் எடுத்த பிறகும் விட்டபாடில்லை. வாயால் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள், அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றைக் காம்பரா வீடொன்றில் பிறந்தவன். எங்கள் தோட்டத்திலிருந்து கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, போன முதல் ஆள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிவநேசன் மாத்தளை டவுன்காரன். அவன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மாவட்ட அரசாங்கக் காரியாலயமான கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்தவர். எனக்கு ஒரே ஒரு நல்ல காற்சட்டை. அவனுக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இருவருக்கும் ஒரே விடுதி அறை. சோற்றுப் பார்சல் வந்தால் பாதியைப் பிரித்து என் மேசையில் வைத்துவிட்டுத்தான் உண்பான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் என் பிழைப்பு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

முதல் வருஷத்தில் எங்களுக்கு அளவையியல் ஒரு பாடம். விரிவுரைகளை விடுங்கள், அவை எல்லா இடத்திலும் உள்ளவைதான். வாரத்தில் ஒருநாள் ஒரு சிறிய அறையில் நடந்த வகுப்புத்தான் விசேஷம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘தலையாட்டு வகுப்பு’. நடுவில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராக இருக்கும். ஒருவன் எழுந்து தன் வாதத்தைச் சொல்வான். எதிரே இருப்பவன் மறுக்க வேண்டும். ஆனால் மறுப்பதற்கு முன்னால், முதலாமவன் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவன் கேட்டுவிட்டு, ‘ஓம், நான் சொன்னது அதுதான்’ என்று தலையாட்ட வேண்டும். ஆட்டினால்தான் மறுக்கலாம். ஆட்டாவிட்டால் எங்கள் விரிவுரையாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே “இருங்கோ” என்பார். அவ்வளவுதான், உட்கார வேண்டியதுதான்.

நான் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். மற்றவன் பேசும்போது நான் எங்கே கேட்டேன்? அவன் எப்போது மூச்சு வாங்குவான், எந்த இடத்தில் பாயலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். திருப்பிச் சொல்லச் சொன்னால், நான் அடிப்பதற்கு வசதியான ஒரு வாதத்தை நானே செய்து அவன் தலையில் கட்டுவேன். “நான் அப்படிச் சொல்லேல்லையே” என்பான். “இருங்கோ” என்பார் அவர். பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன் நான். எனக்கு இந்த வகுப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

சிவநேசன் ஒருநாள்கூட உட்கார்த்தப்படவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவன் திருப்பிச் சொன்னால், சொன்னவனே “நான் இவ்வளவு நல்லாச் சொல்லேல்லையே” என்பான். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ஒருமுறை தலைப்பு, தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம். எங்கள் சித்தப்பா குடும்பம் அந்த வருஷம்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறியிருந்தது. இது என் ஆட்டம் என்று எழுந்து நின்றேன். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுததையும், ரயில் நகர்ந்த பிறகும் கையை விடாமல் கூடவே ஓடியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எதிர் நாற்காலியில் சிவநேசன். லயத்துக் காம்பராவுக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காதவன். மெதுவாக எழுந்தான்.

“மாரிமுத்து சொல்லுறது இதுதான் எண்டு நினைக்கிறன். ஆக்களை அனுப்புறது சரியோ, வைச்சிருக்கிறது சரியோ எண்டது அவன்ரை கேள்வி இல்லை. ரெண்டு அரசாங்கம் இருந்து, உனக்கு இத்தினை, எனக்கு இத்தினை எண்டு தலையை எண்ணிப் பிரிச்சதுதான் பிழை எண்டுறான். ஆட்டையும் மாட்டையும்தான் அப்பிடிப் பிரிக்கிறது. சரியே, மாரி?”

நான் அதைச் சொல்லவே இல்லை. ஆனால் நான் சொல்ல நினைத்தது அதுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன், வேறு என்ன செய்ய? ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்று நான் மாதக்கணக்காக ஆசைப்பட்டிருந்த ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவனைப் பார்த்து. அழுதது என் சித்தப்பாவுக்காக, பார்த்தது அவனை! அன்றைக்கு வயிறு எரிந்தது பாருங்கள், இன்று வரை அணையவில்லை.

பட்டம் வாங்கினோம். அவன் சட்டம் படிக்கப் போனான். நான் மாத்தளையில் எங்கள் சங்கத்து மாவட்டக் காரியாலயத்தில் சேர்ந்தேன். சில வருஷங்களில் அவனும் கறுப்புக் கோட்டோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். தோட்ட நிர்வாகங்கள் தங்கள் வழக்குகளை அவனிடம் கொடுக்கத் தொடங்கின. தோட்டத் தொழிலாளியின் பக்கம் நான், நிர்வாகத்தின் பக்கம் அவன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். இனித் தலையாட்டத் தேவையில்லை, மோதலாம் என்று நினைத்தேன்.

நாங்கள் மோதிய இடம் தொழில் நீதிமன்றம், அங்கே வக்கீல் இல்லாத சங்கத்து ஆளும் வாதாடலாம். அங்கே தலைவராக இருந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். அவருக்கு முன்னால் போய் நிற்பதே ஒரு பயிற்சி. சாட்சி சொல்வதை அவரே தன் கையால் எழுதுவார். எழுதும்போது இடது கையைத் தூக்கிப் பிடித்திருப்பார். அந்தக் கை இறங்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. சாட்சி, வக்கீல், மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். யாராவது அவசரப்பட்டால் “ஹெமின், ஹெமின்” என்பார், மெதுவாக, மெதுவாக. தமிழ்ச் சாட்சி சொன்ன ஒரு வார்த்தை அவருக்குச் சந்தேகமாக இருந்தால், மொழிபெயர்ப்பாளரைத் திரும்பச் சொல்லவைப்பார். அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தது எங்கள் ஆட்களின் அதிர்ஷ்டம்.

இனி பாக்கியத்தின் வழக்குக்கு வருகிறேன்.

பாக்கியம் கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பக்கத்துத் தோட்டத்து லயங்களை எரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், ஆட்கள் கிடைத்த வாகனத்தில் ஏறி ஓடினார்கள். இவளும் நாலந்தா வழியாக வவுனியாவுக்குப் போன ஒரு லொறியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தால், வேலையாட்கள் பதிவான செக்ரோலில் பெயர் இல்லை. காம்பராவில் வேறு குடும்பம். தானாக வேலையை விட்டுப் போனவள் என்றது நிர்வாகம். தோட்டத்தில் வேலை போனால் கூரையும் போகும். வழக்கு நடந்த காலம் முழுவதும் அவள் பிள்ளைகளோடு தெரிந்தவர்கள் வீட்டு அடுப்படிகளில் மாறிமாறிப் படுத்தாள். தோற்றால் அந்த அடுப்படியும் இல்லை.

சட்டம் இதுதான். வேலைக்கு வராமல் இருந்தால் மட்டும் வேலையை விட்டுவிட்டதாக ஆகாது. திரும்பி வரமாட்டேன் என்ற எண்ணத்தோடு போயிருக்க வேண்டும். ஆகவே போன அன்று அவள் மனதில் என்ன இருந்தது என்பதுதான் முழு வழக்கும். நிர்வாகம் அதற்கு வைத்திருந்த சாட்சி, அவள் டிவிஷனில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. போகும்போது அவரிடம் சொல்லிக்கொண்டு போனாளாம்.

அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“போகும்போது கணக்கப்பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?”

“போறேன்னு சொன்னேங்க.”

“போயிட்டு வாறேன்னு சொல்லலியா?”

“இல்லீங்க. அப்படி எப்படிங்க சொல்றது?”

அந்தப் பயத்தில், அந்த அவசரத்தில் எப்படி அதெல்லாம் வாயில் வரும் என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பாவம் என்று நினைத்தேன். என் வாதத்தை அப்போதே மனதில் கட்டத் தொடங்கிவிட்டேன்.

விசாரணை நாளில் கணக்கப்பிள்ளை கூண்டில் ஏறினார். நேர்மையான மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். “போறேங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க” என்றார். மொழிபெயர்ப்பாளர் “யனவா” என்றார். தலைவர் கையைத் தூக்கினார். “யனவாத? கிஹின் எனவாத?” போகிறேன் என்றாளா, போய் வருகிறேன் என்றாளா? சிங்களத்திலும் போகிறவர்கள் ‘போய் வருகிறேன்’ என்றுதானே சொல்வார்கள், அவருக்கு உடனே உறைத்துவிட்டது. கணக்கப்பிள்ளை மென்று விழுங்கினார். “போறேன்னுதாங்க சொன்னாங்க. வாறேன்னு சொல்லல.” தலைவர் எழுதினார். எனக்குப் பின்னால் பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகப் பேசினேன்.

“கணக்கப்பிள்ளை, உங்க டிவிஷன்ல இருந்து கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவங்க இருக்காங்களா?”

“நிறைய இருக்காங்க.”

“போகும்போது உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனாங்க?”

“போயிட்டு வாறோம்னுதாங்க.”

“யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரலீங்க.”

“அப்போ போறேங்கிறதும் போயிட்டு வாறேங்கிறதும் வெறும் வாய்ச்சொல்தானே? அதை வச்சு மனசைச் சொல்ல முடியுமா?”

“முடியாதுங்க.”

தலைவரின் கை இறங்கியதும் ஒரு வெற்றிப் பார்வையோடு உட்கார்ந்தேன். சிவநேசன் பக்கம் வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் தோல்வியைக் காணோம். தலையாட்டு வகுப்பில் இருந்த அதே முகம். 

எழுந்தான். சாட்சியிடம் இன்னும் ஒன்றிரண்டு கேட்க வேண்டும், அதற்கு முன் என் நண்பரின் வாதத்தைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்க அனுமதி வேண்டும் என்றான். தலைவர் தலையசைத்தார். சிவநேசன் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னான். “போகிற எல்லோரும் ‘போய் வருகிறேன்’ என்கிறார்கள், திரும்பி வராதவர்கள்கூட. ஆகவே அதைச் சொல்வதால் ஒன்றும் நிரூபணமாகாது. நண்பர் சொல்வது இதுதான், அது சரி. ஆனால் அவருடைய கட்சிக்காரி அதைச் சொன்னவள் இல்லையே, சொல்லாதவள். வராதவர்கள்கூடச் சொல்லுகிற ஒன்றை இவள் சொல்லவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம், வரமாட்டேன் என்ற எண்ணமாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். வேறாக இருந்தால் நண்பரின் வாதம் அவரே சொன்னதைவிடப் பலமானது. அப்படி வேறு காரணம் இல்லை என்று தெரியாமல் நான் பதில் சொல்ல முடியாது.”

பிறகு கணக்கப்பிள்ளையிடம் திரும்பித் தமிழில் கேட்டான்.

“அவ உங்களிட்ட எங்க வைச்சுச் சொன்னவ?”

“எங்க வீட்லங்க.”

“ஏன் வீட்டுக்கு வந்தவ? காலமை வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில சொல்லியிருக்கலாமே?”

“நான் அன்னைக்குப் பெரட்டுக்குப் போகலீங்க. எங்கம்மா அதுக்கு முந்தின நாள்தான் தவறிட்டாங்க. எடுக்கல இன்னும். அந்தப் பொண்ணு அம்மாவைப் பார்த்துட்டு, லொறி நிக்குது, போறேங்கன்னுச்சு.”

மொழிபெயர்ப்பாளர் சொல்லத் தொடங்கினார். ‘மளகெதர’ என்ற வார்த்தை, சாவு வீடு என்று அர்த்தம், அவர் வாயிலிருந்து விழுந்ததுமே தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் அந்த அறையில் அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. சாவு வீட்டில் வாசல் தாண்டும்போது ‘போயிட்டு வாறேன்’ என்று எந்தத் தமிழன் சொல்வான்? எந்தச் சிங்களவன்தான் சொல்வான்? அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? கணக்கப்பிள்ளைக்கும் அது தெரியும். தோட்டத்துத் துரை வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

சிவநேசன் “என்னிடம் வேறு கேள்விகள் இல்லை” என்று உட்கார்ந்தான்.

பாக்கியத்துக்கு வேலை கிடைத்தது, காம்பராவும் கிடைத்தது. வாசலில் வைத்து அவளைப் பிடித்துக் கேட்டேன், சாவு வீடு என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “சொன்னேனுங்களே ஐயா, அப்படி எப்படி சொல்றதுன்னு.”

நியாயமாகப் பார்த்தால் இது என் சொத்து. லயத்தில் பிறந்தவன் நான். எத்தனை சாவு வீட்டில் வாய் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்! அவள் என் காதில் போட்ட வார்த்தையை, டவுன் பங்களாக்காரன் ஒருவன் எதிர்ப்பக்கம் நின்று எடுத்துக் கொடுத்தான். எனக்கே கொடுத்தான். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

அன்று பிளேன்டீ குடிக்கும்போது அவனிடம் நேராகவே கேட்டேன். “தெரிஞ்சுதான் கேட்டியா?”

“தெரியாமத்தான்டா கேட்டனான். தெரிஞ்சிருந்தா கேக்கிறதுக்கு என்ன கிடக்கு?”

“உன் கேஸ் போச்சே.”

“போச்சுத்தான்” என்றான். “நீ சொன்னது அரைகுறையா நிண்டுது மாரி. அதுக்கு மேல எப்பிடி நான் பதில் சொல்லுறது?”

நிர்வாகங்கள் அதற்குப் பிறகு அவனுக்கு வழக்குக் கொடுப்பதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டன. அவன் காணி உறுதிப் பத்திரம் எழுதிக்கொண்டும், லக்கலப் பக்கத்து எல்லைச் சண்டைகளைப் பேசிக்கொண்டும் காலத்தை ஓட்டினான். எனக்கு மாவட்டம் முழுவதும் பெயர். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மாலை, ‘போறேன் கேஸ் ஐயா வந்திருக்காரு’ என்று கூட்டம். ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். அவன் வேண்டும். அவனாக இருந்திருக்க வேண்டும் எனக்கு.

வருஷங்கள் போய் பாக்கியத்தின் மகளுக்குக் கலியாணம். வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தாள். “ஐயா, கோவிச்சுக்கக்கூடாது. மொதல் பத்திரிகைய லாயர் ஐயாவுக்கு வச்சிட்டுத்தான் இங்க வாறேன்” என்றாள்.

“அவர் நிர்வாகத்துக்குப் பேசினவரும்மா. உனக்குப் பேசினது நான்.”

“தெரியுங்க. நீங்க எனக்காக எம்புட்டுப் பேசுனீங்க!” என்றாள், உண்மையான மரியாதையோடு. “அவருதாங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு.”

மாவட்டமே என்னைத்தான் கொண்டாடியது. யாருடைய வேலையும் கூரையும் அந்த வழக்கில் தொங்கினவோ, அவள் ஒருத்தி மட்டும் சரியான ஆளைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.

கலியாணத்துக்குப் போனேன். பாக்கியம் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குடும்பமே உங்களால்தானாம் ஐயா என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சிவநேசன் முந்திக்கொண்டான். “ஓம் ஓம், இவர்தான் பேசி வெண்டவர். நான்தான் எதிர்ப்பக்கம் நிண்டு தோத்தனான்” என்றான்.

அதில் துளி நக்கல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். முகத்தை உற்றுப் பார்த்தேன், ஒரு மண்ணும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறான். வழக்கை நான் வென்றேன், அவன் தோற்றான், அதில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. என் இலையில் பாயாசம் குறைவாக இருப்பதைப் பார்த்து, பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு எனக்கு ஊற்றச் சொன்னான்.